வேகத்தை மீட்கும் தடுப்பு

உரைநடை உலகம் – அறிவியல் கட்டுரை

நுழையும்முன்

ஓடும் வண்டியை நிறுத்துவது எளிது. நின்ற வண்டியின் வேகம் எங்கே போயிற்று என்று சொல்வது அவ்வளவு எளிதன்று. பல்லாண்டுகளாக வண்டிகள் நிற்கும்போதெல்லாம் அவற்றின் ஆற்றல் வெப்பமாகிக் காற்றில் கலந்து வீணாயிற்று. அவ்வாறு வீணாவதில் ஒரு பகுதியை மீட்டு, மறுபடியும் வண்டியை ஓட்டப் பயன்படுத்தும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

கற்றல் நோக்கங்கள்

- வண்டியை நிறுத்தும்போது நிகழும் ஆற்றல் மாற்றத்தைத் தமிழில் விளக்குதல்
- மோட்டாரே மின்னாக்கியாகும் முறையை அறிதல்
- மீளாக்கத் தடுப்பின் பயனையும் எல்லையையும் கணக்கிட்டு உணர்தல்
- தன்வினை, பிறவினைச் சொற்களைப் பொருளறிந்து பயன்படுத்துதல்

வேகம் எங்கே போகிறது?

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்குச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, அமரவிளை, உதியன்குளங்கரை, பாறசாலை ஆகிய ஊர்களைக் கடந்து களியக்காவிளையில் தமிழ்நாட்டிற்குள் நுழைகிறது. இச்சாலை நேரானதுமன்று, சமதளமானதுமன்று. சிறு சிறு ஏற்றங்களும் இறக்கங்களும் வளைவுகளும் நிறைந்தது. பள்ளி வாயில், சந்தை, பேருந்து நிலையம், சாலைச் சந்திப்பு என ஒவ்வோர் இடத்திலும் ஓட்டுநர் பிரேக்கை மிதிக்கிறார். இதனையே நம் எல்லைப்புறப் பேச்சுவழக்கில் 'பிரேக்கைச் சவிட்டுகிறார்' என்போம்.

பிரேக்கை மிதித்தவுடன் என்ன நிகழ்கிறது? சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் ஓர் இரும்புத் தட்டின் இருபுறமும் தடுப்புக் கட்டைகள் அழுந்துகின்றன. உராய்வினால் தட்டு சூடாகிறது. வண்டியின் வேகம் குறைகிறது. ஆற்றலை ஆக்கவோ அழிக்கவோ இயலாது. ஒரு வடிவிலிருந்து மற்றொரு வடிவிற்கு மாற்றவே இயலும் என்பதை அறிவியல் பாடத்தில் கற்றிருக்கிறோம். அதன்படி, வண்டியின் இயக்க ஆற்றல் அழியவில்லை, வெப்பமாக மாறியது. ஆனால் அந்த வெப்பம் காற்றில் பரவிய பின் அதனைத் திரட்டி வண்டியை ஓட்ட நம்மால் முடியாது. அழியாத ஒன்று, பயன்படாத ஒன்றாகிவிட்டது. மலைப்பாதையில் நெடுந்தொலைவு இறங்கிவந்த சரக்குந்தின் சக்கரங்களிலிருந்து எழும் தீய்ந்த நாற்றம், வீணான அந்த ஆற்றலின் அடையாளமே ஆகும்.

எவ்வளவு ஆற்றல்?

ஒரு பொருளின் நிறையில் பாதியை அதன் திசைவேகத்தின் இருமடியால் பெருக்கினால் அதன் இயக்க ஆற்றல் கிடைக்கும். 1,400 கிலோகிராம் நிறையுள்ள ஒரு கார் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுவதாகக் கொள்வோம். அவ்வேகம் நொடிக்கு ஏறத்தாழ 16.7 மீட்டர் ஆகும். எனவே காரின் இயக்க ஆற்றல் சுமார் 1,94,000 ஜூல். இதனை மின்கணக்கில் சொன்னால் ஏறத்தாழ 54 வாட் மணி. வீட்டில் எரியும் 9 வாட் எல்.இ.டி. விளக்கை 6 மணி நேரம் எரிக்க இது போதும். ஒரு முறை பிரேக்கை மிதித்து அந்தக் காரை முழுவதும் நிறுத்தும்போது, ஒரு மாலைப்பொழுதின் விளக்கொளி சில நொடிகளில் வெப்பமாகிப் போகிறது.

அதே கார் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால் ஆற்றல் பாதியாகக் குறைவதில்லை. நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது. வேகத்தின் இருமடியைப் பொறுத்து ஆற்றல் அமைவதே இதற்குக் காரணம். சாலையில் வேகம் இருமடங்கானால் வண்டியை நிறுத்தும் தொலைவு ஏறத்தாழ நான்கு மடங்காவதும் இதனாலேயே.

மோட்டார் மின்னாக்கியாகும் விந்தை

1831ஆம் ஆண்டில் மைக்கேல் பாரடே மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்தார். கம்பிச் சுருளுக்கு அருகே காந்தம் அசைந்தால் சுருளில் மின்சாரம் பிறக்கும் என்பதே அக்கண்டுபிடிப்பு. மின்சாரத்தைச் செலுத்தினால் மோட்டார் சுழலும். அதே மோட்டாரை வெளியிலிருந்து சுழற்றினால் அது மின்சாரத்தைத் தரும். ஒரே கருவி, இரண்டு தொழில்கள்.

ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பகுதிகளில் வரிசையாக நிற்கும் காற்றாலைகளை நாம் பார்த்திருக்கிறோம். அங்கே காற்று இறக்கைகளைச் சுழற்றுகிறது. இறக்கைகள் மின்னாக்கியைச் சுழற்றுகின்றன. ஆற்றலை இழந்த காற்று, இறக்கைகளைக் கடந்தபின் வேகம் குறைந்து செல்கிறது. மின்காரில் காற்றின் இடத்தில் ஓடும் காரும், இறக்கையின் இடத்தில் சக்கரமும் இருப்பதாக எண்ணுக. சக்கரம் மோட்டாரைச் சுழற்ற, மோட்டார் மின்சாரத்தை ஆக்குகிறது. அந்த ஆற்றலைக் கொடுத்த காரின் வேகம் குறைகிறது.

மின்சாரம் ஆக்கும்போது வேகம் ஏன் குறைய வேண்டும்? இதற்கு விடையளிப்பது 1834இல் லென்ஸ் வகுத்த விதி. தூண்டப்பட்ட மின்னோட்டம், தன்னைத் தோற்றுவித்த இயக்கத்தை எதிர்க்கும் திசையிலேயே அமையும் என்பது அவ்விதியின் சாரம். பழைய மிதிவண்டிகளில் டயரின்மேல் சாய்ந்து சுழலும் டைனமோவைக் கண்டவர் இதனைத் தம் கால்களால் அறிவர். விளக்கை எரியவிட்டதும் மிதிப்பது கடினமாகும். விளக்கின் ஒளி வானத்திலிருந்து வருவதன்று. மிதிப்பவரின் காலிலிருந்து வருவது.

காருக்குள் நடப்பது

மின்காரின் மின்கலத் தொகுதி நேர்மின்னோட்டத்தைத் தருகிறது. இன்வெர்ட்டர் அதனை மாறுமின்னோட்டமாக மாற்றி மோட்டாருக்கு அனுப்புகிறது. மோட்டாரின் நிலையான பகுதியில் ஒரு காந்தப்புலம் சுழல்கிறது. அது உள்ளிருக்கும் சுழலியைத் தன்னோடு இழுத்துச் செல்கிறது. சுழலியோடு இணைந்த சக்கரமும் சுழல்கிறது.

ஓட்டுநர் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும், அல்லது பிரேக்கை மெல்ல மிதித்ததும், நிலைமை தலைகீழாகிறது. காந்தப்புலம் சுழலியை முன்னிழுக்காமல், அதற்குச் சற்றுப் பின்தங்கி நின்று பின்னுக்கு இழுக்குமாறு இன்வெர்ட்டர் அமைத்துக்கொள்கிறது. இப்போது சக்கரமே சுழலியைச் சுழற்றுகிறது. மோட்டார் மின்னாக்கியாகிறது. பிறந்த மின்சாரத்தை இன்வெர்ட்டர் நேர்மின்னோட்டமாக்கி மின்கலத்திற்குத் திருப்பி அனுப்புகிறது. இம்முறைக்கு மீளாக்கத் தடுப்பு என்று பெயர்.

டீசல் வண்டியின் ஓட்டுநரும் இறக்கத்தில் கீழ் கியரில் இறங்குவார். எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்துவதுபோல் தோன்றும். வண்டி மெதுவாவதைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றே. ஆனால் எஞ்சின் தடுப்பில் ஆற்றல் வெப்பமாகவே வெளியேறுகிறது. இறக்கத்தில் இறங்கிய டீசல் வண்டியின் தொட்டியில் ஒரு துளி டீசலும் கூடுவதில்லை. மீளாக்கத் தடுப்பிலோ ஒரு பகுதி மின்கலத்தில் சேர்கிறது.

வந்த வழி

இம்முறை இன்று நேற்றுத் தோன்றியதன்று. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பிரிட்டனின் சில நகர டிராம் வண்டிகளில் இது பயன்பட்டது. 1997இல் ஜப்பானில் வெளிவந்த டொயோட்டா பிரியஸ் என்னும் கலப்பின கார், இதனைப் பெருந்தொகையான கார்களுக்குக் கொண்டுவந்தது. 2001இல் பெங்களூருவிலிருந்து வெளிவந்த ரேவா என்னும் சிறிய மின்காரிலும் இவ்வசதி இருந்தது. 2020இல் அறிமுகமான டாடா நெக்ஸான் மின்காரிலும் இது உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்ற இருவர் 2013இல் தொடங்கிய ஏத்தர் நிறுவனத்தின் மின்ஸ்கூட்டர்களிலும் இது அமைந்துள்ளது.

மிகப்பெரிய பயனைக் காட்டியது தில்லி மெட்ரோ. நிலையத்தை நெருங்கும் ஒரு தொடர்வண்டி வேகம் குறையும்போது ஆக்கும் மின்சாரம் மின்கம்பிக்குத் திரும்புகிறது. அதே பாதையில் புறப்படும் மற்றொரு வண்டி அதனைப் பயன்படுத்திக்கொள்கிறது. 2004 முதல் 2007 வரை இவ்வாறு சுமார் 1,12,500 மெகாவாட் மணி மின்சாரம் மீட்கப்பட்டது. சுமார் 90,000 டன் கரியமில வாயு காற்றில் கலவாமல் தவிர்க்கப்பட்டது எனக் கணக்கிடப்பட்டது. ஐக்கிய நாடுகள் அவையின் தூய்மை வளர்ச்சித் திட்டத்தில் பதிவு பெற்ற உலகின் முதல் இரயில்வே திட்டம் இதுவே.

நெய்யாற்றின்கரை, பாறசாலை நிலையங்கள் வழியே செல்லும் திருவனந்தபுரம் – கன்னியாகுமரி இருப்புப்பாதை 1979இல் திறக்கப்பட்டது. இன்று மின்மயமாகிவிட்ட இப்பாதையில் ஓடும் புதிய வகை மின் எஞ்சின்கள், வேகத்தைக் குறைக்கும்போது மேலுள்ள கம்பிக்கு மின்சாரத்தைத் திருப்பித் தருகின்றன. பாறசாலை நிலையத்தில் ஒரு விரைவுவண்டி நிற்க வருகையில், அதன் வேகத்தில் ஒரு பங்கு தலைக்கு மேலுள்ள கம்பியில் மின்சாரமாகச் சென்றுகொண்டிருக்கக்கூடும்.

எல்லைகளை அறிதல்

'இறக்கத்தில் இறங்கினாலே மின்கலம் நிறைந்துவிடும். மின்காருக்கு மின்னூட்டமே தேவையில்லை' என்று சிலர் கூறுவர். இது தவறு. ஓர் ஏற்றத்தில் ஏறச் செலவிட்ட ஆற்றலில் ஒரு பகுதியே இறக்கத்தில் திரும்பக் கிடைக்கும். காற்றின் எதிர்ப்பிற்கும் டயரின் உராய்வுக்கும் கொடுத்தது திரும்பாது. மோட்டார், இன்வெர்ட்டர், மின்கலம் ஆகிய ஒவ்வொன்றிலும் சிறிது வெப்பமாகக் கழியும்.

கணக்கிட்டுப் பார்ப்போம். மேலே கூறிய காரின் 54 வாட் மணியில் 60 விழுக்காடு மீள்வதாகக் கொள்வோம். அது ஏறத்தாழ 32 வாட் மணி. ஒரு கிலோமீட்டர் ஓடக் காருக்கு 150 வாட் மணி தேவை எனக் கொண்டால், ஒரு முறை நிறுத்தியதில் மீட்டது ஏறத்தாழ 200 மீட்டர் ஓடவே போதும். இது சிறிதாகத் தோன்றலாம். ஆனால் நெரிசல் மிகுந்த நகரத்தில் 20 முறை இவ்வாறு நின்று புறப்பட்டால் 4 கிலோமீட்டர் தொலைவுக்கான ஆற்றல் மீள்கிறது. நிற்காமல் ஒரே வேகத்தில் நெடுஞ்சாலையில் செல்லும் காருக்கு மீட்க அதிகமில்லை. அடிக்கடி நின்று நின்று செல்லும் நகரப் பேருந்துக்கே பயன் மிகுதி. 2022இல் திருவனந்தபுரம் நகரச் சுற்றுப்பாதையில் கேரள அரசுப் போக்குவரத்துக் கழகம் மின்பேருந்துகளை ஓட்டத் தொடங்கியதை இங்கு நினைவுகூரலாம்.

பாதுகாப்புக்குரிய எல்லைகளும் உள்ளன. அவற்றை அறியாதிருப்பது இடர் தரும்.

முதலாவது, மின்கலம் முழுவதும் நிறைந்திருந்தால் அது மேலும் மின்சாரத்தை ஏற்காது. நிறைந்த குடத்தில் நீர் ஊற்ற இயலாததைப் போன்றது இது. மலையுச்சியில் முழுமையாக மின்னூட்டம் செய்துவிட்டு இறங்கும் காரில் மீளாக்கத் தடுப்பு குறைந்தே வேலை செய்யும்.

இரண்டாவது, வேகம் மிகக் குறைந்தபின் மோட்டார் தரும் மின்சாரமும் குறைந்துவிடும். எனவே பெரும்பாலான வண்டிகளை முற்றிலும் நிறுத்துவதும், நின்ற வண்டியைச் சரிவில் பிடித்துவைப்பதும் உராய்வுத் தடுப்பின் வேலையே.

மூன்றாவது, திடீரென ஒரு குழந்தை சாலையில் ஓடிவந்தால் வண்டியை உடனே நிறுத்த வேண்டும். அப்போது தேவைப்படும் பெருவிசையை மோட்டார் மட்டும் தர இயலாது. ஆகவே மின்கார்களிலும் உராய்வுத் தடுப்பு கட்டாயம் உண்டு. மெல்ல மிதித்தால் மீளாக்கம் முந்துகிறது. அழுத்தி மிதித்தால் இரண்டும் சேர்ந்து பணிபுரிகின்றன. ஆற்றலைச் சேமிப்பது நன்று. உயிரைக் காப்பது அதனினும் நன்று. இரண்டும் மோதும் இடத்தில் எதற்கு முதலிடம் என்பதில் பொறியாளர்க்கு ஐயமில்லை.

உராய்வுத் தடுப்புக்கு வேலை குறைவதால் தடுப்புக் கட்டைகள் நெடுநாள் உழைக்கும். எனினும் நெடுநாள் பயன்படாத தட்டில் துரு ஏறக்கூடும் என்பதால் அதனையும் உரிய காலத்தில் சோதிக்க வேண்டும்.

நம் ஊரும் இம்முறையும்

நெய்யாற்றின்கரையை அடுத்த ஆறாலும்மூட்டில் கேரள அரசின் கேரளா ஆட்டோமொபைல்ஸ் நிறுவனம் உள்ளது. மூன்று சக்கர வண்டிகளை உருவாக்கும் அந்நிறுவனம் 2019இல் நீம்-ஜி என்னும் மின் ஆட்டோவை அறிமுகப்படுத்தியது. மின்வண்டி தொலைவிலுள்ள பெருநகரங்களுக்கு மட்டும் உரியதன்று. நாம் நாள்தோறும் கடந்துசெல்லும் சாலையோரத் தொழிற்சாலையிலும் உருவாகிறது. நாளை அத்தகைய வண்டிகளை வடிவமைப்பவரும் பழுதுபார்ப்பவரும் நம்மிடையே இருந்து வரலாம். எஞ்சின் ஒலியைக் கேட்டுப் பழுதறிந்த தலைமுறைக்குப்பின், மின்னோட்டத்தின் திசையை அறிந்து பழுதுபார்க்கும் தலைமுறை வருகிறது.

ஆற்றல் தானாக மீள்வதில்லை. அறிவும் முயற்சியும் உள்ளவர் அதனை மீட்கின்றனர். 'மீள்' என்பதற்கும் 'மீட்' என்பதற்கும் இடையிலுள்ள அந்தச் சிறு வேறுபாட்டில்தான் இக்கண்டுபிடிப்பின் முழுப்பொருளும் அடங்கியுள்ளது.

சொல்லும் பொருளும்

- இயக்க ஆற்றல் – இயங்கும் பொருள் தன் இயக்கத்தால் பெற்றிருக்கும் ஆற்றல்
- மீளாக்கம் – கழிய இருப்பதை மறுபடியும் பயன்படும் வடிவில் ஆக்குதல்
- மின்னாக்கி – சுழற்சியிலிருந்து மின்சாரம் ஆக்கும் கருவி
- சுழலி – மோட்டாரினுள் சுழலும் பகுதி
- இருமடி – ஓர் எண்ணை அதே எண்ணால் பெருக்கி வருவது
- சவிட்டு – மிதி (எல்லைப்புறப் பேச்சுவழக்கு)
- இடர் – துன்பம்

இலக்கணம் அறிவோம்: தன்வினையும் பிறவினையும்

எழுவாய் தானே செய்யும் செயலைக் குறிப்பது தன்வினை. எழுவாய் பிறிதொன்றைச் செய்விப்பதைக் குறிப்பது பிறவினை.

சக்கரம் *சுழல்கிறது* – தன்வினை
மோட்டார் சக்கரத்தைச் *சுழற்றுகிறது* – பிறவினை

கார் விரையும்போது மோட்டார் சக்கரத்தைச் சுழற்றுகிறது. கார் மெதுவாகும்போது சக்கரம் மோட்டாரைச் சுழற்றுகிறது. வினை மாறவில்லை; எழுவாயும் செயப்படுபொருளும் இடம் மாறின. மீளாக்கத் தடுப்பின் தத்துவத்தை இவ்விரு தொடர்களே சொல்லிவிடுகின்றன.

மேலும் சில இணைகள்: நில் – நிறுத்து, ஓடு – ஓட்டு, திரும்பு – திருப்பு, மாறு – மாற்று, மீள் – மீட்.

மதிப்பீடு

*பலவுள் தெரிக*

1. காரின் வேகம் மணிக்கு 30 கிலோமீட்டரிலிருந்து 60 கிலோமீட்டராக உயர்ந்தால் அதன் இயக்க ஆற்றல்
(அ) இருமடங்காகும் (ஆ) மும்மடங்காகும் (இ) நான்கு மடங்காகும் (ஈ) மாறாது

2. மீளாக்கத் தடுப்பு மிகக் குறைவாகச் செயற்படும் நிலை
(அ) மின்கலம் பாதி நிறைந்திருக்கும்போது (ஆ) மின்கலம் முழுவதும் நிறைந்திருக்கும்போது (இ) நகர நெரிசலில் (ஈ) நிலையத்தை நெருங்கும்போது

3. பிறவினைத் தொடரைத் தேர்க.
(அ) வண்டி நின்றது (ஆ) மின்சாரம் திரும்பியது (இ) ஓட்டுநர் வண்டியை நிறுத்தினார் (ஈ) சக்கரம் சுழன்றது

*குறுவினா*

1. எஞ்சின் தடுப்பும் மீளாக்கத் தடுப்பும் எதில் ஒன்றுபடுகின்றன? எதில் வேறுபடுகின்றன?
2. டைனமோ விளக்கு எரியும்போது மிதிவண்டியை மிதிப்பது ஏன் கடினமாகிறது?

*சிறுவினா*

1. 'அழியாத ஒன்று, பயன்படாத ஒன்றாகிவிட்டது' – இத்தொடரின் பொருளை விளக்குக.
2. மின்காருக்கும் உராய்வுத் தடுப்பு ஏன் தேவை? மூன்று காரணங்கள் தருக.

*நெடுவினா*

நெடுஞ்சாலையில் நிற்காமல் செல்லும் கார், நகரப் பேருந்து, மெட்ரோ தொடர்வண்டி ஆகிய மூன்றில் மீளாக்கத் தடுப்பின் பயனை ஒப்பிட்டு ஒரு கட்டுரை எழுதுக.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் மின் ஆட்டோ அல்லது மின்ஸ்கூட்டர் ஓட்டும் ஒருவரிடம் உரையாடுக. ஆக்சிலரேட்டரை விட்டதும் வண்டி பின்னுக்கு இழுப்பதுபோல் உணர்கிறாரா, இறக்கத்தில் எவ்வாறு ஓட்டுகிறார் என்று கேட்டறிந்து, அவருடைய பேச்சுவழக்கிலேயே குறித்துக்கொள்க. பின்னர் அதனை எழுத்துவழக்கில் மாற்றி எழுதுக.
2. மின்விசிறி, மாவரைக்கும் கிரைண்டர், மிதிவண்டி ஆகியவற்றை நிறுத்தும்போது இயக்க ஆற்றல் என்னவாகிறது என்று குழுவாகக் கலந்துரையாடுக.
3. இப்பாடத்திலுள்ள கலைச்சொற்களுக்கு இணையாக மலையாளத்தில் வழங்கும் சொற்களைத் திரட்டி, இரு மொழிகளுக்கும் பொதுவானவற்றைப் பட்டியலிடுக.